பின் நன்றாகத்தான் பொருந்தியது

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கக்கூடப் போய்விட்டேன். ஆனால் இந்தப் பக்கத்தில் வாராவாரம் உங்களை வம்புக்கு இழுப்பவன், ஒரு வாரமாவது தன்னை இழுத்துக்கொள்ள வேண்டாமா?

நண்பன் பிரபுவிடம் ஒரு டி.வி. கேம் இருந்தது. இருந்தது... கவனியுங்கள், இறந்த காலம். சி.டி. போட்டு ஆடுகிற இந்தக் காலத்திலும் கேசட் செருகி ஆடுகிற பழைய பெட்டி. நாலு கை மாறி வந்தது. அவனுக்கு அதுதான் உயிர்.

பாலிடெக்னிக்கில் அவனுக்கு மூன்று அரியர். போன மாதம் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கணபதி ஏரியாவில் இருக்கும் என் அறைக்கு வந்தான்.

"பரீட்சை முடியற வரைக்கும் உன்ற ரூம்ல இருக்கட்டும்டா. எங்கய்யன் கண்ணுல பட்டா கெணத்துல வீசிப்போடுவாரு."

"அடாப்டர் எங்கடா?"

"அது என்றகிட்டயே இருக்கட்டும். உன்னைத் தெரியாதா எனக்கு?"

வண்டியைக் கொடுத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற நட்பு!

எனக்கு அந்த விளையாட்டில் ஜெயிக்கிற ஆசையே கிடையாது. பிரபு ஆடக் கொடுக்கும்போதெல்லாம் பொம்மையை ஒரு பாறை மேல் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பின்னால் நீல வானம். வெள்ளை மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும்... வாரம் முழுக்கப் பட்டறையில் லேத் இரைச்சல் கேட்ட காதில், அந்தப் பெட்டியின் மெல்லிய பாட்டு எங்கோ தூரத்து ஊரிலிருந்து வருவதுபோல் விழும். நானும் கொஞ்சம் மிதப்பேன்.

இரண்டு வாரம் நல்லவனாக இருந்தேன். மூன்றாவது ஞாயிறு மத்தியானம், பட்டறை அலமாரியில் அநாதையாகக் கிடந்த ஒரு கறுப்பு அடாப்டர் என்னோடு அறைக்கு வந்துவிட்டது.

லேத் பிடிக்கிறவனுக்கு ஒரே வேதம்தான் — ஆடாமல் அசையாமல் பொருந்தினால் அது சரியான சாமான். பின்னைச் செருகினேன். ஆஹா, என்ன பொருத்தம்! நானே கடைந்து கொடுத்ததுபோல இருந்தது.

நீல வானம் வந்தது. ஒரு மேகம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவது மேகம்... டி.வி.க்குள் இல்லை, பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

சாம்பல் நிறத்தில் மெதுவாகச் சுருண்டு எழுந்து ஜன்னல் பக்கம் நடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நான் அதையும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ரேடியோ மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பெட்டியை மோந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, இது கேக்கறது ஒம்பது வோல்ட்டுங்க. நீங்க குடுத்தது பதினெட்டுங்க. அடக்கம் பண்ணிருங்க."

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு ஒன்பது போதும் என்று தெரியவில்லை, பாருங்கள்!

நேற்றுக் கடைசிப் பரீட்சை. சாயங்காலம் பிரபு நேராக என் அறைக்குத்தான் வந்தான். சட்டைப் பையில் அடாப்டர் புடைத்துக்கொண்டிருந்தது. மூஞ்சியில் அப்படி ஒரு சிரிப்பு. என்ன பொய் சொல்லலாம் என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எரிச்சுப்போட்டேன்டா," என்றேன். "ஆடக்கூட இல்ல. மேகம்தான் பாத்துட்டிருந்தேன்."

துண்டைப் பிரித்தான். பெட்டியைக் கையில் எடுத்து மோந்து பார்த்தான். மறுபடி துண்டில் சுற்றி வைத்தான். திட்டித் தொலைக்க மாட்டானா என்றிருந்தது.

பிறகு பையிலிருந்த அடாப்டரை எடுத்து என் கையில் வைத்தான்.

"இந்தா மாப்ளே, இதையும் நீயே வெச்சுக்க... இனி நீ செருகிருவியோன்னு எனக்குப் பயமில்ல."