எதிர்க்கடையில் வெட்டிய முடி

சலூன் வைத்திருந்த அவரைத் தெருவே கத்திக்காரர் என்றுதான் கூப்பிடும். முப்பது வருஷமாகச் சவரக்கத்தியும் கத்தரிக்கோலும்தான். மெஷினைத் தொட்டதில்லை. "அது புல்லு வெட்டுறதுக்கு" என்பார். அந்த வாய்க்குப் பயந்தே கூட்டாளி பிரிந்துபோய் மெஷினோடு எதிரில் கடை போட்டான்.

அன்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவியின் தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. புற்றுநோய்க்கு இரண்டாவது ஊசி மருந்து ஏறியதிலிருந்து அவளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துகொண்டிருந்தது.

"யாரு வெட்டினது?"

"எதிர்க்கடைத் தம்பி."

கிட்டே போய் அவள் பிடரியைத் தடவினார், காதுமடலை மடக்கிப் பார்த்தார். குறை சொல்ல ஒரு கோணல், ஒரு படிக்கட்டு கிடைக்கக் கூடாதா? கிடைக்கவில்லை.

"ஊருக்கே வெட்டுறவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவன்கிட்டப் போய்த் தலையக் குனிஞ்சியா?"

"வெட்டிவிடுங்கன்னு உங்ககிட்ட மூணு தடவ கேட்டாச்சு. வழுக்கை விழறவனுக்குச் சொல்ற மாதிரி, 'கொட்டாது, பொறு'ன்னீங்க. சரின்னாலும் கத்தியத்தான் எடுப்பீங்க. கத்தி வேணாம், கீறல் பட்டா இப்போ ஆறாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க."

"என் கையில கீறலா!"

"இதுக்குத்தான் அங்க போனேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே, அவன் என்ன பேசினான், துண்டை யார் போர்த்தினது என்று குடைந்தார்.

"ஒண்ணும் பேசல. நான் அழுதேன், ரேடியோவச் சத்தமா வெச்சுட்டான்."

அவள் அழுததையும் அவன்தான் பார்த்திருக்கிறான்.

நாலாம் நாள், மிச்சமிருந்த குச்சிமுடி தலையணையில் குத்துகிறது என்றாள். "தம்பிகிட்டயே போய் இன்னும் ஒட்ட எடுத்துட்டு வந்துடறேன்."

"நீ உட்காரு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

எதிர்க்கடைக்காரன் வாயெல்லாம் பல். "என்ன கத்திக்காரரே, வழி தவறிட்டீங்களா?"

"மெஷினக் குடுடா."

"புல்லு வளந்துடுச்சா?"

அவர் கையை நீட்டினார். அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தன் முன்கையிலேயே ஓட்டிக் காட்டினான். இன்னொரு தடவையும் காட்டச் சொன்னார்.

வீட்டில் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, நெற்றியிலிருந்து தொடங்கினார். பிடரிக்கு வருவதற்குள் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவன் கை லேசா, என் கை லேசா?"

"அவன் கைதான். காதுகிட்டப் பாத்து."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். காதோரத்தில் மட்டும் மூச்சைப் பிடித்து, இன்னும் மெதுவாக ஓட்டினார்.