ஏழு வயதில் என்ன சடங்கு?

என் மகள் ஏழு வயதிலேயே பெரியபிள்ளையாகிவிட்டாள். என் கணவரின் அக்கா, என் மச்சாள், உடனே சாமத்தியச் சடங்குக்கு நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டின் வில் நகரில் மண்டபம் பேசிவிட்டார். நானோ மகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஹோர்மோன் அவசரப்பட்டுவிட்டது, ஊசியால் நிறுத்திவைக்கலாம் என்றார் டாக்டர். இப்படியான பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அவளுடைய இரத்தமும் தரலாமா என்று கேட்டார். மகளும் தலையாட்டினாள், ஊசிக்கும் ஆராய்ச்சிக்கும் சம்மதித்தேன்.

அதைச் சொன்னதும் மச்சாள் போனில் கொதித்தார். "ஆராய்ச்சியோ? வெளியில தெரிஞ்சா வெட்கமெல்லே!"

"மண்டபம் நிறைய ஆக்களைக் கூப்பிட்டுச் சொல்லேக்க வராத வெட்கம், ஆராய்ச்சிக்கு இரத்தம் குடுத்தா மட்டும் வருமோ மச்சாள்?" என்றேன்.

பக்கத்தில் நின்ற மகள் என் கையைச் சுரண்டினாள். "அம்மா, அப்ப நான் இன்னும் சின்னப்பிள்ளைதானே?"

"ஓம்!" என்றேன், போனிலும் கேட்கும்படி.

மச்சாள் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. மகள் அன்றைக்கே சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனிக்குள் ஓடினாள். அந்த ஓட்டத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.