அபாய மணியும் இரண்டாவது சுவிட்சும்

அந்தச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ரெண்டு தரம்'. எதையும் இரண்டு தரம் பார்க்காமல் விடமாட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "அந்தப் பூட்டுக்கு வாய் இருந்தா அழுதிடும், விடும்மா" என்பார். சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் இழுப்பாள். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது.

வேலை இதுதான். பீரோ உயரத்தில் நான்கு பெட்டிகள். விற்பனைக்குப் போகவிருக்கும் சாமான்களைக் கம்பெனிகள் அனுப்பிவைக்கும். அவற்றை உள்ளே வைத்துச் சுட வைப்பாள், உறைய வைப்பாள், புழுங்க வைப்பாள். பத்து வருஷத்தில் படவேண்டிய பாட்டைப் பத்து வாரத்தில் பட்டுவிட்டு உயிரோடு வெளியே வந்தால் சான்றிதழ். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. போன வருஷம் பக்கத்து மேஜைக்காரர் ஒரு தப்பான ரிப்போர்ட் கொடுத்தார் என்று மத்தியானமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவருடைய டிபன் பாக்ஸ் ஒரு வாரம் அங்கேயே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இவள் தன் ரிப்போர்ட்டை இன்னொரு தரம் புரட்டுவாள்.

இந்த மாதம் வந்தது ஓர் அபாய மணி. மீனும் இறைச்சியும் வைக்கிற பெரிய குளிர் அறைகளுக்குள் மாட்டுவது. கதவு தவறிச் சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்த வேண்டும், மூன்று நொடிக்குள் வெளியே மணி அடிக்க வேண்டும். இரவெல்லாம் கரண்ட் போய் விடிந்து வந்தாலும் அடிக்க வேண்டும். அதனால் மணியை மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் பதினாறு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடத்தி, பிறகு கரண்ட் கொடுத்த கையோடு பட்டனை அழுத்திப் பார்ப்பார்கள். பத்து நாள், பத்து தரம். பத்து தரமும் கணீரென்று அடித்தது. வெள்ளிக்கிழமை மேனேஜர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை நானூறு மணிகள் லாரி ஏறும்.

சனிக்கிழமை காலை வீட்டில் துணி துவைக்கும் மெஷினை அணைத்தாள். அதன் சிவப்பு விளக்கும் கூடவே அணைந்தது. அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மணியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. தினமும் காலையில், சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே, பெட்டியின் கண்ணாடி வழியாக அது எரிந்துகொண்டிருந்ததே. பத்து நாளும் பார்த்தாளே. கரண்ட் இல்லாதபோது எரியக் கூடாத விளக்கல்லவா அது?

போன மாதம் சோதனைக்கூடத்துச் சுவிட்ச் பலகையில் வயரிங் மாற்றினார்கள். மணி இருந்த இரண்டாம் பெட்டிக்குள் சாமானுக்குப் போகும் கரண்ட் மூன்றாவது சுவிட்சுக்கு மாறிவிட்டது. அதைச் சீட்டில் எழுதிப் பலகைக்கு மேலே ஒட்டியதே இவள்தான். ஆனால் பத்தொன்பது வருஷப் பழக்கம் சீட்டைப் படிக்குமா? கை தானாக இரண்டாவது சுவிட்சுக்குப் போயிருக்கிறது. இரண்டு தரம் சரிபார்த்தாள்தான், தப்பான சுவிட்சை இரண்டு தரம் சரிபார்த்தாள். மணி கரண்டிலேயே கிடந்து, தன் சூட்டில் தானே குளிர் காய்ந்திருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கு வேலை போகாது.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லங்க. ஆபீஸ்ல ஒரு சின்ன வேலை, போயிட்டு வந்துடறேன்."

சோதனைக்கூடத்தில் யாரும் இல்லை. அலமாரியில் உபரியாக ஒரு மணி இருந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்தாள். சீட்டை விரல் வைத்துப் படித்து மூன்றாவது சுவிட்சை அணைத்தாள். பச்சை விளக்கு அணைந்தது. பெட்டி உறைந்து மைனஸ் முப்பதைத் தொட்டபோது மாலை மூன்று. நாளைக் காலை ஏழு வரைக்கும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. மனம் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது: நாளை மணி அடித்துவிட்டால் பொருள் நல்லது, ரிப்போர்ட்டும் பொய்யில்லை, யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அடித்துவிடு, அடித்துவிடு என்று ஒரு தகரப் பெட்டியிடம் கெஞ்சினாள். அப்படிக் கெஞ்சுவது வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிறு காலை ஏழு. கரண்ட் கொடுத்துப் பட்டனை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. சத்தமே இல்லை. பத்து வரை எண்ணினாள், முப்பது வரை எண்ணினாள். நாற்பத்திரண்டாவது நொடியில் மணி ஒரு தரம் கரகரத்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே இடது கையால் மேனேஜருக்குப் போன் செய்தாள். அரை மணியில் வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டைக் காட்டினாள், சுவிட்சைக் காட்டினாள். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் சார்."

"கையெழுத்தெல்லாம் போட்டாச்சு. நீ பேசாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே."

அவள் பெட்டிக்குள் கிடந்த மணியைக் காட்டினாள்.

"உள்ள மாட்டிக்கிட்டவனுக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

மேனேஜர் போனை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னார். அவள் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க அவளுக்கும் தைரியம் வரவில்லை.