படித்த உடம்பு

மூச்சு முட்டுவது எனக்கு முதலில் தெரிந்தது, புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில்தான். வார விடுமுறை. முன்னால் நடந்தவன் சடையன். மலைமேல் எடப்புளி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவன். பள்ளி விடுதியில் எனக்குப் பக்கத்துப் பாய்க்காரனாக இருந்தவன்.

பாதி ஏற்றத்தில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நெஞ்சு படபடத்தது.

"என்ன ஆபீசரு, காலை ஆபீஸ்லயே வெச்சுட்டு வந்துட்டியா?"

சிரித்தேன். சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா கவலைப்படவில்லை. "படிச்ச ஒடம்பு சாமி, அப்படித்தான் இருக்கும்" என்றார். அதில் பெருமையும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மண்வெட்டியைத் தொடவிடாமல் வளர்த்தார்கள். மூச்சு வாங்குவதைப் படிப்பின் அடையாளமாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நானும்தான். பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. மல்லாந்து படுக்க முடியவில்லை. இருமலில் ரத்தம் வந்த பிறகே மருத்துவமனைக்குப் போனோம்.

எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். மருத்துவர் என் அம்மாவிடம் கேட்டார்: "சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டு வீங்குச்சுங்களா?"

"ஆமாங்க. ஒரு முட்டி வத்துனா இன்னொண்ணு வீங்கும். வளர்ற புள்ளைக்கு வர்ற வலின்னு உட்டுட்டமுங்க."

அது ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்குவது). என் மிட்ரல் வால்வை (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள கதவு) அது சுருக்கியிருந்தது. தொடை ரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்தி விரித்துவிட்டார்கள்.

"திரும்பச் சுருங்காதுங்களா?" அப்பா கேட்டார்.

"சுருங்கலாம். அந்தக் காய்ச்சல் திரும்ப வராம இருக்கப் பென்சிலின் ஊசியை விடாமப் போடணும். அப்பப்ப வந்து காட்டுங்க."

'படிச்ச ஒடம்பு' என்று அப்பா அதன்பின் சொன்னதே இல்லை.

உங்களுக்கும் மூச்சு வாங்கினால், வேலையின் மேலோ வயதின் மேலோ பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

மெல்ல ஏறலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, சடையனோடு அதே பாதையில் போனேன். அந்தப் பாறை வருவதற்கு முன்பே அவன் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கே மூச்சு வாங்குதுடா."

மூட்டையோடு இந்த மலையை ஏறி இறங்குகிறவன். அவனுக்கு வியர்க்கக்கூட இல்லை.

"ஆபீசருன்னு கூப்பிடுடா" என்றேன்.

"சும்மா கெட" என்றவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி நடந்தோம். மூச்சு வாங்கியது. யாருக்கும் வாங்குகிற ஏற்றம்தான். ஆனால் வாங்குவது மலையாலா, வால்வாலா என்று தெரிய நான் நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. நான் நின்றபோதெல்லாம் முன்னால் சடையனும் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.