சித்திரையில் ஒரு ஸ்வெட்டர்

புதுத் துணி தைக்கும்வரை நாம்தான் டெய்லர். பழைய துணியைத் தொட்டுவிட்டால் துணி கொடுத்தவர்தான் டெய்லர். ‘சும்மா கெடக்குற புடவதான, ஒரு நைட்டியா ஆக்கிடேன்’ என்பார்கள். அந்தச் சும்மாவில் பாதி கிழிசல், மீதி கறை. விருத்தாசலத்தில் வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு பழந்துணியோடு மல்லுக்கட்டுகிறவள் நான். என்னைப் போல வதைபடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது புரியும் என்பதால் ஒரு ஸ்வெட்டர் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

ஒரே நிபந்தனை

அடுத்த தெரு வளர்மதி, பீங்கான் பொம்மைக்கு வர்ணம் பூசுகிற ஷெட்டில் வேலை செய்கிறாள். புருஷன் இல்லை. ஒரே பெண் நிவேதா. நர்ஸ் படிப்பு முடித்த நிவேதாவுக்குச் சிம்லாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பெண் குதித்தாள். அம்மாவோ, குளிருக்கு என்ன போடுவாய் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் எங்கள் கடைத்தெருவில் ஸ்வெட்டர் கேட்டால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். போனில் பார்த்து வாங்கலாம் என்றால் கனம் தெரியாதாம்.

கடைசியில் என்னிடம் வந்தாள். மார்கழிக்கு நாலு பேருக்கு மப்ளர் பின்னிக் கொடுத்ததுதான் நான் செய்த பாவம். மப்ளர் வேறு, ஸ்வெட்டர் வேறு என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். அவள் காதில் ஏறவே இல்லை.

“நீ பின்னிக் குடுக்கா. ஸ்வெட்டரு ஆனாத்தான் டிக்கெட்டு. அதுவரைக்கும் எம் பொண்ணு எங்கியும் போவாது.”

நூல் வந்த வழி

கம்பளி நூலுக்கு எங்கே போவேன்? நல்லவேளையாக மங்கலம்பேட்டை ஜரினா அக்கா, பழைய ஜன்னல் திரைகளைத் தலையணை உறையாக்கச் சொல்லி ஒரு மூட்டையோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். மூட்டையின் அடியில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். உள்ளே ரெண்டு ஆள் தாராளமாக நுழையலாம். அதைப் பிரித்து நூலாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அட, எடுத்துக்க தங்கச்சி. அங்க ஏசி ரூமுக்குன்னு வாங்குனாரு. இங்க அத பாத்தாலே எங்களுக்கு வேர்க்குது.”

கொடியில் ஆடிய பீங்கான்

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நின்றது. அலசி, கொடியில் தொங்கவிட்டு, அடியில் கனம் கட்டினால்தான் நேராகும். கனத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரருக்குக் கரண்டுக் கம்பத்துப் பீங்கான் செய்கிற ஷெட்டில் வேலை. விரிசல் கண்டு கழித்ததை எல்லாம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். துணி வெட்டும்போது நகராமல் அழுத்துவதும் அதுதான், கதவு அடிக்காமல் முட்டுக் கொடுப்பதும் அதுதான்.

பின்னுகிற ஊசிக்கும் கடைக்குப் போகவில்லை. ஒட்டடைக் கம்பு மூங்கிலைப் பிளந்து, சீவி, உப்புத்தாளில் வழவழவென்று தேய்த்துக் கொடுத்தவர் அவரேதான். அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்தவர், கொடியில் வரிசையாக ஆடிய பீங்கான்களைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினார்.

“எங்க ஷெட்டுல கழிச்சதுக்கெல்லாம் நீ வேல போட்டுக் குடுத்துட்ட. நாளைக்கு என்னையும் கழிச்சிட்டாங்கன்னா ஒரு எடம் பாத்து வை.”

கழுத்து, கை, மறுபடியும் கழுத்து

பின்னி முடித்தேன். கழுத்து இறுக்கம் என்றாள் வளர்மதி. பிரித்துப் பின்னினேன். கை நீளம் என்றாள். பிரித்தேன். இப்போது கழுத்து தொளதொள என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூங்கில் ஊசி ரெண்டையும் அவள் மடியில் போட்டு, நீயே பின்னிக்கொள் என்று கத்திவிட்டேன். அவள் ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் போன பிறகும், அளவு பார்க்கக் கூட வந்திருந்த நிவேதா வாசலிலேயே நின்றாள். முகம் வாடிப் போயிருந்தது.

“போன வாரம் அம்மா கை நீளம்னுச்சி, இன்னிக்கு வூட்ல அதே கைய குட்டைங்குது. வர்ற திங்கக்கெழம சேரலன்னா வேற ஆள எடுத்துக்குவாங்களாம். நீங்கதாங்கா எதுனா பண்ணணும்.”

ஏடிஎம்மில் சிம்லா

மறுநாள் வளர்மதியை நேராகவே கேட்டேன், இதில் உனக்கு என்னடி குறை என்று. குளிர் தாங்குமா என்பதை எப்படி நம்புவது என்றாள். ‘வா’ என்று கையைப் பிடித்து, உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஏடிஎம்முக்கு இழுத்துப் போனேன். எனக்குத் தெரிந்து ஊரிலேயே ஜில்லென்று இருக்கிற இடம் அதுதான்.

புடவைக்கு மேல் ஸ்வெட்டரை அவளே மாட்டிக்கொண்டாள். ஏசிக்கு நேர் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். பணம் எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வெகுநேரம் கழித்து, ‘குளுரவே இல்லக்கா’ என்றாள். சொன்னதும் பொலபொலவென்று கண்ணில் தண்ணீர். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் நான் பின்னியது பெண்ணை வழியனுப்ப, அவள் பிரிக்கச் சொன்னது பெண்ணை நிறுத்திவைக்க. வாட்ச்மேன் அண்ணன் கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“குளுருதுன்னு அழுவுறவங்கள பாத்திருக்கன். குளுரலன்னு அழுவுறவங்கள இன்னிக்குத்தான்மா பாக்குறன்.”

சிம்லாவிலிருந்து

அன்று சாயங்காலமே டிக்கெட் எடுத்தார்கள். நிவேதா திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வீடியோவில் கூப்பிட்டபோது வளர்மதி போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே ஓடி வந்தாள். ஸ்வெட்டர் எங்கேடி என்றேன் ஆசையாக. ஆஸ்பத்திரியிலேயே கெட்டியான கோட்டு கொடுத்துவிட்டார்களாம், அறையில் ஹீட்டரும் இருக்கிறதாம், ஸ்வெட்டர் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறதாம். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. வளர்மதி போனை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள்.

“போடலன்னாலும் பரவால்ல, தொவச்சி மட்டும் வச்சிடாத. ஏடிஎம்முல அம்மா போட்டுப் பாத்தது அது.”

ஆகவே, என் சக பாவிகளே, வெளியூர் போகிற பெண்ணுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொன்னால் கழுத்து, கை எல்லாம் அப்புறம் அளந்துகொள்ளலாம், முதலில் அந்த அம்மாவை ஒரு ஏடிஎம்முக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.