போத்தலை முகர்ந்தவர்

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் மருந்து ஊற்றிக் கொடுப்பவர் அவர். ஒல்லியான உடம்பு, நீண்ட மூக்கு. எந்தப் போத்தலையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். அதை அக்கறை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

புதிதாக வந்த டாக்டரய்யா மருந்துப் பெயர்களை எழுதி வைக்கச் சொன்னதும் அவர் பயந்துபோனார். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பதுளையில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனார். அந்த டாக்டர் எழுத்து அட்டைகளைக் காட்டி வாசிக்கச் சொன்னார். மூன்றெழுத்துச் சொல்லுக்கே அவருக்கு நெற்றி வியர்த்தது.

"கண்ணுல கோளாறு இல்ல, புத்தியிலயும் குறை இல்ல. சில பேருக்குப் பொறப்புலயே எழுத்து பிடிபடாது" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அவர் முகம் தெளிந்திருந்தது. "இத்தன வருசமா நான் மக்குன்னே நெனச்சிருந்தேங்க" என்றார். பெரகல சந்தி தாண்டியதும் தொடர்ந்து தும்மினார்.

"சளி புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க வாத்தியாரய்யா. மூணு நாளா ஒரு வாசமும் தெரியலைங்க."

அன்று காலையும் அவர் வழக்கம்போல முகர்ந்து பார்த்துத்தான் என் மகளுக்கு மருந்து ஊற்றிக் கொடுத்தார். அதை அவளுக்குப் புகட்டிவிட்டுத்தான் நான் பஸ் ஏறியிருந்தேன்.