கடலுக்கு நாற்பது அடி முன்னால்

பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பி, சென்னையில் கடல் பார்த்துவிட்டு அன்று இரவே திரும்புவது எப்படி என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்காக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். தமிழில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. இது அண்ணனுடைய கம்ப்யூட்டர். அவன் கால் சென்டர் நைட் ஷிப்டுக்குப் போன பிறகுதான் எனக்குக் கிடைக்கும். அப்பா இருமினாலே அணைத்துவிடுகிறேன், இதோடு மூன்று முறை ஆகிவிட்டது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பெங்களூர் ஈஜிபுராவில் இருக்கிறோம். எனக்குப் பதினைந்து வயது. நான் நடந்ததில்லை, கடல் பார்த்ததும் இல்லை. போன டிசம்பர் விடுமுறையில் அப்பாவுக்கு ஒருநாள் லீவு கிடைத்தது. போகலாம் என்றதும் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஆட்டோவிலும் ரயிலிலும் ஏற்றுவதற்கு என்னைத் தூக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. கடற்கரையில் மட்டும் யாரும் தூக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னால் மூட்டை மாதிரி தொங்க எனக்கு விருப்பமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தண்ணீருக்குப் போக வேண்டும். அப்பா சரி என்று சொன்னார்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் வீட்டில் யாரும் ‘வீல்சேர்’ என்று சொல்ல மாட்டார்கள். அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் என்று அம்மா அதற்கு ‘வண்டி’ என்று பெயர் வைத்துவிட்டார். வண்டியை எடு, வண்டியில் காத்து இல்லை, இப்படித்தான் பேச்சு. சென்னையில் இருக்கும் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, போன் போட்டபோதும் அம்மா கேட்டது இதுதான்: “ஏன்டா, வண்டி தண்ணி கிட்ட வரைக்கும் போகுமா?” மாமா, “தாராளமா போகும்க்கா” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி நாங்கள் கிளம்பினோம்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ஆட்டோ. மீட்டரில் ஐம்பத்திரண்டு ரூபாய். மடித்த நாற்காலியைப் பார்த்த டிரைவர், “லக்கேஜுக்கு பேரே ஆகுத்தே சார்” என்று கன்னடத்தில் தனிக்காசு கேட்டார்.

“லக்கேஜ் இல்லப்பா, அது பாப்பாவோட வண்டி.”

“வண்டிக்குள்ள இன்னொரு வண்டியா? அப்போ ரெண்டு மீட்டர் போடணுமே சார்!” என்று தமிழுக்கு மாறிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. இருபது ரூபாய் கூடுதலாகப் போனது.

ரயில் ஆறே முக்கால் மணிக்கு. அரசு மருத்துவரின் சான்றிதழ் இருந்தால் நமக்கும், துணைக்கு வரும் ஒருவருக்கும் கால்பங்கு கட்டணம்தான். சான்றிதழின் நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊனமுற்றோர் பெட்டி ரயிலின் ஒரு கோடியில் இருக்கும். எந்தக் கோடி என்று மூன்று பேரிடம் கேட்டோம், மூன்று பேரும் வேறு வேறு பக்கம் கை காட்டினார்கள். கண்டுபிடித்து ஏறினால் உள்ளே நல்ல கால்களுடன் பதினோரு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பயணம் சுமார் ஐந்தேகால் மணி நேரம். கழிப்பறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகலானது. காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை. இதை ஆலோசனையாகச் சொல்லவில்லை, நான் செய்ததைச் சொல்கிறேன்.

சென்ட்ரலிலிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் இருபது நிமிடம், எண்பது ரூபாய். பன்னிரண்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பும் ரயில் மூன்று முப்பத்தைந்துக்கு. மாமா நேராக அங்கே வந்திருந்தார். அவர் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, வண்டின்னு சொன்னது இதையா?”

“வேற எதை?”

“மச்சான் வேன் எடுத்துட்டு வர்றாருன்னு நெனச்சேன்க்கா. போலீஸ் ஜீப் போகுதே, அதான் போகும்னேன்.”

அம்மா தலையில் கை வைத்தார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஒரே ஒருமுறை, போனில், சொந்தத் தம்பியிடம் ‘வீல்சேர்’ என்று சொல்லியிருந்தால்!

நடைபாதையிலிருந்து மணலுக்கு இறங்க நான்கு படிகள். சரிவுப் பாதையைத் தேடியே பத்து நிமிடம் போனது. சுண்டல் கடைகள் இருக்கும் பகுதியில் ஆட்கள் நடந்து நடந்து மணல் கொஞ்சம் இறுகியிருந்தது. அங்கே நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் வந்தது. கடைகள் முடிந்ததும் சக்கரம் பாதிவரை புதைந்து நின்றுவிட்டது. மாமா எட்டு வைத்து அளந்தார். தண்ணீருக்கு இன்னும் நூற்றிருபது அடி. கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர், “பாவம், வீட்லயே டிவில பாத்துருக்கலாமே” என்றார்.

மாங்காய் விற்கும் அக்கா ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தார். “இன்னா சார், வெறும் மணல்ல தள்ளுனா வருமா? என் வண்டிய டெய்லி எப்டி எட்தாறேன்? பலகை போடு!” தன் தள்ளுவண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பலகைகளை உருவினார். ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம். அன்று முழுவதும் என்னை ஒரு பிரச்சினையாகப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். அவருக்கு இதுவும் மணலில் மாட்டிய ஒரு வண்டி, அவ்வளவுதான்.

பலகைமேல் ஏறு, ஐந்தடி தள்ளு, இறங்கு, புதை, பலகையைப் பிடுங்கி முன்னால் போடு. ஒவ்வொரு தடவையும் இரண்டரை நிமிடம். நாற்பது நிமிடத்தில் எண்பது அடி போனோம். அலையின் ஈரக்காற்று என் முகத்தில் அடித்தது. அப்போது அப்பா மணி பார்த்தார். ஒன்று ஐம்பது. வந்த வழியே திரும்பவும் இதே நாற்பது நிமிடம் ஆகும். மிச்சமுள்ள நாற்பது அடிக்குப் போக இருபது, வர இருபது. ரயில் போய்விடும், மறுநாள் அப்பாவுக்கு வேலை.

“தூக்கிடறேன் கண்ணு. ரெண்டே நிமிஷம். கால நனைச்சிட்டு வந்துடலாம்.”

“வேணாம்ப்பா.”

“இவ்ளோ தூரம் வந்துட்டு என்னடி பிடிவாதம்?” என்றார் அம்மா. மாமா என் கால்களைப் பிடிக்கக் குனிந்தே விட்டார். நான் இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“தூக்க மாட்டேன்னு சொன்னீங்க இல்ல?”

அப்பா என் தோளிலிருந்து கையை எடுத்தார். “சரி, திருப்பு” என்று மாமாவிடம் சொன்னார். திரும்பும் ரயில் ஜோலார்பேட்டை தாண்டியதும் என்னிடம் சொன்னார்: “இனிமே எங்கயும் வேணாம்.”

போக நினைப்பவர்களுக்கு: இரண்டு பலகை போதாது, நான்கு வேண்டும். இரண்டில் சக்கரம் நிற்கும்போதே அடுத்த இரண்டை முன்னால் போட்டுவிட்டால் புதையாது, நேரமும் பாதிதான் ஆகும். அன்றே திரும்பும் திட்டம் வேண்டாம், ஒரு இரவு தங்குங்கள். போனில் விசாரிக்கும்போது ‘சக்கர நாற்காலி’ என்றே கேளுங்கள். இவ்வளவையும் நாம் ஏன் சுமந்துகொண்டு போக வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மாங்காய் வண்டிக்குத் தெரிந்த வித்தை கடற்கரையைப் பராமரிப்பவர்களுக்குத் தெரியாதா? தண்ணீர் வரைக்கும் வரிசையாகப் பலகை பதித்துவைத்தால் குழந்தை வண்டி போகும், முழங்கால் வலிக்காரர்கள் போவார்கள், நானும் போவேன்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டார். அம்மா, “ஓ, நல்லா கால் நனைச்சா, ரொம்ப சந்தோஷம் அவளுக்கு” என்றார். சொந்தக்காரர்களிடமும் அதையேதான் சொல்லிவருகிறார். என்னிடம் கேட்டபோது நானும் தலையாட்டினேன். இதை அப்பா படித்தால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. ஆனால் நான் நனைத்தேன் என்று நம்பி இன்னொரு பெண் இரண்டு பலகையோடு கிளம்பிவிடக் கூடாது. நான் நனைக்கவில்லை. நாற்பது அடி பாக்கி.